ரிச்சர்டு வில்லியம்ஸ்: காகிதம் புரட்டிய கை

அவையோருக்கு வணக்கம்.

இன்று மாலை நாம் பார்க்கவிருப்பது முழுநீளத் திரைப்படம் அன்று. ஒரு மனிதர் தம் வாழ்வின் வெவ்வேறு காலங்களில் கேமராவின் முன் அமர்ந்து, தம் தொழிலைப் பற்றியும் தாம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு படத்தைப் பற்றியும் பேசிய பழைய நேர்காணல் காட்சிகள் அவை. 1933-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்து, 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தமது 86-ஆம் வயதில் மறைந்த அசைவூட்டப் பட (அனிமேஷன்) கலைஞர் ரிச்சர்டு வில்லியம்ஸ்தான் அந்த மனிதர். 1988-இல் வெளிவந்த ‘ஹூ ஃபிரேம்ட் ராஜர் ராபிட்’ படத்தின் முயலுக்கு உயிர் கொடுத்தவர் என்றால் உங்களில் பலர் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். ஆனால் அவரே அந்த முயலைத் தம் வாழ்நாள் வேலையாகக் கருதவில்லை. அவர் கருதிய வேலை வேறு. அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமல் இந்தக் காட்சிகளைத் திரையிட்டால், உற்சாகமாகப் பேசும் ஓர் ஓவியர் மட்டுமே உங்களுக்குத் தெரிவார் என்பதால்தான் இந்த முன்னுரை.

1955-இல் லண்டனுக்கு வந்த வில்லியம்ஸ் ஏறக்குறைய மூன்றாண்டுகள் உழைத்து, 1958-இல் ‘தி லிட்டில் ஐலண்ட்’ என்ற அரைமணி நேரப் படத்தை முடித்தார். ஒரு சிறு தீவில் உண்மை, நன்மை, அழகு ஆகிய மூன்றின் பெயரால் மூன்று மனிதர்கள் மோதிக்கொள்ளும் கதை. அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. இருபத்தைந்து வயதில் விருது பெற்றவர் தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; சில காலம் அவரும் அப்படித்தான் எண்ணினார். டிஸ்னி பாணியைப் பழையது என்று ஒதுக்கிவைத்திருந்த அவர், 1967-இல் வெளிவந்த ‘தி ஜங்கிள் புக்’ படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, தமக்கு வரையத்தான் தெரிகிறதே தவிர வரைந்ததை அசைக்கத் தெரியவில்லை என்று உணர்ந்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார்.

அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்கு அவர்மீது முதல் மரியாதையை ஏற்படுத்தியது. லண்டன் சோஹோ சதுக்கத்தில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோவின் முதலாளி. விளம்பரப் படங்களால் நல்ல வருமானம். வயது நாற்பதை நெருங்குகிறது. அந்த நிலையில் ஹாலிவுட்டில் வேலை குறைந்து ஒதுங்கியிருந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து, தம் செலவில் லண்டனுக்கு அழைத்துவந்து, அவர்களுக்குச் சம்பளமும் கொடுத்து, அவர்களிடமே மாணவனாக உட்கார்ந்தார். வார்னர் நிறுவனத்தில் சக் ஜோன்ஸ் என்ற இயக்குநரின் குழுவில் இருந்த கென் ஹாரிஸ், பெட்டி பூப் என்ற பாத்திரத்தை வடிவமைத்து, பிறகு டிஸ்னியின் ஸ்னோ ஒயிட்டிலும் பெரும்பங்கு வரைந்த கிரிம் நாட்விக், டிஸ்னியின் கூஃபி என்ற பாத்திரத்தின் குணத்தைச் செதுக்கிய ஆர்ட் பாபிட் ஆகியோர் அப்படி வந்தவர்கள். பாபிட் 1973-இல் அங்கு நடத்திய வகுப்புகளைப் பற்றி அசைவூட்டக் கலைஞர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

நாட்விக்கிடமிருந்து பெற்ற பாடத்தை வில்லியம்ஸ் போகும் இடமெல்லாம் சொல்லிவந்தார். எல்லாம் கால அளவிலும் இடைவெளியிலும் இருக்கிறது என்பதே அந்தப் பாடம். ஒரு பந்து துள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தரையில் மோதும் ‘தட், தட்’ என்ற அடிகள்தான் கால அளவு. நம் காதுக்குப் பழகிய தாளம் போன்றது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பந்தின் படங்கள் எங்கே நெருக்கமாகவும் எங்கே விலகியும் வைக்கப்படுகின்றன என்பது இடைவெளி. உச்சியில் படங்கள் நெருங்கினால் பந்து அங்கே தயங்கி நிற்பதுபோலத் தோன்றும். இறங்கும்போது விலகினால் வேகம் பிடிக்கும். தாளம் மாறாமலே, இடைவெளியை மட்டும் மாற்றி, அதே பந்தை இரும்பாகவும் ஆக்கலாம், பலூனாகவும் ஆக்கலாம். கேட்பதற்கு மிக எளிய செய்திதான். இதை அவருக்குச் சொன்ன நாட்விக் 1890-இல் பிறந்தவர், நூறு வயது வாழ்ந்தவர்; தம் ஆயுள் முழுவதையும் இந்த ஒரு வரியின்மேல் செலவிட்டவர்.

டிஸ்னியின் மில்ட் கால் என்ற மேதையிடம் வில்லியம்ஸ் வசவு வாங்கிய கதையும் உண்டு. வேலை செய்யும்போது இசை கேட்பீர்களா என்று இவர் அப்பாவியாகக் கேட்டுவிட, மில்ட் கால் வெகுண்டு, இதைவிட முட்டாள்தனமான கேள்வியைத் தாம் கேட்டதே இல்லை என்றும், ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைச் சிந்திக்கும் அளவுக்குத் தமக்கு அறிவு போதாது என்றும் கத்தினாராம். வில்லியம்ஸ் 2001-இல் வெளியிட்ட ‘தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்’ என்ற பாடநூலில் இதையே முதல் பாடமாக வைத்திருக்கிறார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு வரையும் நம் இளைஞர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு மீண்டும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி அந்த வாழ்நாள் வேலைக்கு வருவோம். முல்லா நஸ்ருதீன் கதைகளை வைத்து 1964-இல் தொடங்கிய ஒரு படம், அக்கதைகளைத் தொகுத்த இத்ரீஸ் ஷாவின் குடும்பத்தாருடன் ஏற்பட்ட பிணக்கால் எழுபதுகளின் தொடக்கத்தில் முல்லாவையே இழந்து, ஒரு திருடனையும் செருப்புத் தைக்கும் ஓர் இளைஞனையும் நாயகர்களாகக் கொண்ட ‘தி தீஃப் அண்ட் தி காப்ளர்’ என்ற வேறொரு கதையாக மாறியது. பாரசீகச் சிற்றோவியங்களைப் போல ஆழமின்றித் தட்டையாக விரியும் உலகம் அது. திடீரென்று அந்தத் தட்டைக்குள்ளேயே கண்ணை ஏமாற்றும் படிக்கட்டுகளும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் திறந்துகொள்ளும். ஒரு விநாடித் திரைப்படத்துக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 நிலைக்காட்சிகள். பெரும்பாலான ஸ்டூடியோக்கள் வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி விநாடிக்கு 12 படங்களோடு முடித்துக்கொள்ளும். வில்லியம்ஸ் 24 ஃபிரேம்களுக்கும் 24 படங்கள் வேண்டும் என்பார். தொண்ணூறு நிமிடப் படத்தை அந்தக் கணக்கில் வரைந்தால், ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 1,29,600 படங்கள் தேவைப்படும். கணினி வரையாத காலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

1982-இல் பிரிட்டன் தொலைக்காட்சிக்காக அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கப்பட்டது. விட்டுக்கொடுக்கவே கொடுக்காத திருடன் என்று அதன் தலைப்பிலேயே வருகிறது. நம் வழக்கில் விடாக்கண்டன் என்று சொல்லிவிடலாம். அதில் பேசும் வில்லியம்ஸுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. படம் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும் அவர் பேச்சில் சோர்வில்லை. நான் முதன்முறை அதைப் பார்த்தபோது அந்த உற்சாகத்தில் அப்படியே மயங்கினேன். இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: கேமராவுக்கு அப்பால் எங்கோ இருக்கும் முதலீட்டாளரை நோக்கியும் அவர் பேசிக்கொண்டிருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஒரு சவூதி இளவரசர் சோதனைக்காக ஒரு காட்சியை எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்து, கெடுவும் செலவும் மீறிப்போனதால், காட்சி பிடித்திருந்தும் விலகிப்போயிருந்தார். ஆகவே நேர்காணல் என்பது வாக்குமூலம் மட்டுமன்று, சில நேரங்களில் விண்ணப்பமும்கூட. பழைய காட்சிகளை ஆவணமாகக் கொள்பவர்கள் இதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

அந்த விண்ணப்பத்துக்கான பதில் ‘ராஜர் ராபிட்’ வழியாக வந்தது. நிஜ நடிகர்களும் வரைந்த பாத்திரங்களும் சேரும் படத்தில் கேமராவை அசைக்கக் கூடாது என்பது அதுவரை இருந்த மரபு. அந்த விதியெல்லாம் வரைபவரின் சோம்பல் என்றார் வில்லியம்ஸ். கேமரா எப்படி நகர்ந்தாலும் அதற்கேற்பக் கோணம் மாற்றி வரைவது வரைபவரின் கடமை என்றார். ஓர் அறையில் தொங்கும் விளக்கில் தலை இடித்து அது ஊசலாடும் காட்சி உண்டு. விளக்கு ஆட ஆட அறையின் நிழல்கள் எல்லாம் ஆடுகின்றன; வெறும் மையும் காகிதமுமான முயலின்மேல் விழும் நிழலும் அவற்றோடு பிசகாமல் ஆடுகிறது. கதைக்கு அந்த விளக்கு ஆடியே ஆக வேண்டும் என்ற அவசியமில்லை. இரண்டு ஆஸ்கர்கள் அவர் கைக்கு வந்தன. திருடனுக்கும் பணம் வந்தது. அதோடு கெடுவும் வந்தது.

படம் குறித்த நாளில் குறித்த செலவில் முடியும் என்று முதலீட்டாளருக்கு உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனம் 1992 மே மாதம் ஸ்டூடியோவைக் கைப்பற்றியது. விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டன் வாய்த்த கதை. சுமார் பதினைந்து நிமிடக் காட்சிகளே மீதமிருந்தன. வேறொருவர் பாட்டுகளைச் சேர்த்து, மலிவாக வரைவித்து முடித்த அந்தப் படம், பேசாத பாத்திரங்கள் ஓயாமல் பேசும் வடிவமாக அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 1995-இல் வந்து போனது. அவரை வெறும் பலியாடாகக் காட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. முடித்த காட்சிகளையே நீட்டியும் திருத்தியும், எஞ்சிய காட்சிகளைத் தள்ளிப்போட்டவர் அவரே. ஆனாலும் அந்தத் திருத்தங்கள் இல்லாவிட்டால் இன்று நாம் அவரைப் பற்றிக் கூடிப் பேசவும் மாட்டோம்.

பிறகு நெடுங்காலம் அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பொதுவெளியில் வாய்திறக்கவில்லை. கெவின் ஷ்ரெக் என்ற இயக்குநர் இந்தக் கதையை ‘பெர்சிஸ்டன்ஸ் ஆஃப் விஷன்’ என்ற ஆவணப்படமாக 2012-இல் வெளியிட்டபோதும், வில்லியம்ஸ் அதில் பங்கேற்க மறுத்துவிட்டார். ஆகவே இயக்குநர் பழைய நேர்காணல்களையே நாட வேண்டியிருந்தது. எண்பது வயது வில்லியம்ஸ் பேச மறுத்ததால், அவருக்குப் பதிலாக ஐம்பது வயது வில்லியம்ஸே சாட்சி சொல்லும் விசித்திரம் அது. மறு ஆண்டு டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆஸ்கர் அகாடமியின் அரங்கில், படம் பறிக்கப்பட்ட நாளில் இருந்த நிலையிலேயே ‘எ மொமெண்ட் இன் டைம்’ என்ற பெயரில் திரையிடப்பட்டது, அவரும் வந்திருந்தார். அதில் வண்ணமேறிய காட்சியின் நடுவே திடீரென்று வெறும் பென்சில் கோடுகள் ஓடும், பிறகு மீண்டும் வண்ணம் வரும். அதன் பின்னும் அவர் நிறுத்தவில்லை. பிரிஸ்டலில் உட்கார்ந்து கையால் வரைந்த ‘ப்ரோலாக்’ என்ற ஆறு நிமிடப் படம் 2015-இல் வெளியாகி, 82 வயதில் அவரை மறுபடி ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன். பேச்சைக் கேளுங்கள், அவர் நல்ல பேச்சாளர். அத்துடன், அவர் வரையும் இடங்கள் வரும்போது பென்சில் பிடிக்காத கையையும் பாருங்கள். அந்தக் கையின் விரல்களுக்கிடையே நான்கைந்து காகிதங்கள் இருக்கும்; ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் அவற்றை முன்னும் பின்னுமாகப் புரட்டி, முந்தைய படத்திலிருந்து இந்தப் படம் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கோட்டுக்குப் போவார்.