ஒரே விதையை 36 முறை புதைத்தது யார்? பனாமா முள்பனையின் வியப்பூட்டும் பயணம்

[காட்சி: மழைக்காட்டுத் தரையில் சிதறிக் கிடக்கும் ஆரஞ்சு நிறப் பழங்கள்]

பனாமா நாட்டுக் காடொன்றில் ஒரு பனை விதை 36 முறை மண்ணில் புதைக்கப்பட்டது. அத்தனை முறையும் அதைப் புதைத்தவை, பூனை அளவே உள்ள அகூட்டி என்னும் கொறிவிலங்குகள். அவை ஏன் அப்படிச் செய்தன என்பதைத் தெரிந்துகொள்ள முதலில் அந்த மரத்தைப் பார்த்துவிடுவோம்.

[காட்சி: முட்கள் அடர்ந்த அடிமரம், அண்மைக் காட்சி]

இதன் பேரினப் பெயர் அஸ்ட்ரோகாரியம். மெக்சிகோ முதல் பிரேசில் வரை ஏறத்தாழ 40 இனங்கள் உள்ளன. அடிமரத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கறுத்த, தட்டையான முட்கள் நிற்கின்றன. அவற்றில் சில ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். தேங்காயை உரித்தால் மூன்று கண்கள் தெரியும் அல்லவா? தென்னைக்கு நெருங்கிய உறவான இந்தப் பனையின் கொட்டையிலும் அதே மூன்று கண்கள் உண்டு. அவற்றைச் சுற்றி நார்க்கோடுகள் கதிர்களைப் போல விரிந்திருப்பதால், 'விண்மீன் கொட்டை' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இதற்குப் பெயரிட்டார்கள். தாவரப் பெயர்களில் இவ்வளவு பொருத்தமாக அமைந்தவை குறைவு என்பேன்.

[காட்சி: முன்னங்கால்களால் மண்ணைத் தோண்டும் அகூட்டி]

இனி விதையின் கதை. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றில் அணை கட்டியபோது காட்டுன் ஏரி உருவானது. நீரில் மூழ்காமல் நின்ற குன்றே பாரோ கொலராடோ தீவு. அங்கே பழம் உதிரும் காலத்தில் அகூட்டிகள் சதையைக் கடித்து நீக்கிவிட்டு, பஞ்ச காலத்திற்கான சேமிப்பாக ஒவ்வொரு விதையையும் தனித்தனிக் குழியில் மூடிவைக்கின்றன. ஆய்வாளர்கள் விதைகளில் சிறு ரேடியோ கருவிகளை இணைத்து, குழிகளுக்கு எதிரே கேமராக்களை வைத்துக் காத்திருந்தார்கள். 2012இல் வெளியான முடிவு என்னைப் பெரிதும் வியக்கவைத்தது: ஓர் அகூட்டி புதைத்ததை இன்னோர் அகூட்டி திருடிச் சென்று தன் எல்லைக்குள் புதைக்கிறது, அதையும் மற்றொன்று தோண்டி எடுத்துச் செல்கிறது. நாம் தொடக்கத்தில் பார்த்த விதை இப்படிக் கைமாறிக் கைமாறி மொத்தம் 749 மீட்டர் பயணம் செய்து, புறப்பட்ட இடத்திலிருந்து 280 மீட்டர் தொலைவை அடைந்தது. 209ஆம் நாள் ஓர் அகூட்டி அதைத் தின்றுவிட்டது.

அந்த விதை முளைக்கவில்லை என்பது எனக்கும் வருத்தமே. ஆனால் பல விதைகள் தாய்மரத்திலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் சென்று சேர்ந்தன. இது ஒரு பழைய புதிருக்கு விடை தருகிறது. இவ்வளவு பெரிய விதைகளை ஒரு காலத்தில் யானையின் உறவான கோம்ஃபோதீர்கள் விழுங்கிப் பரப்பியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவை 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன பின்னும் இந்தப் பனை எப்படித் தாக்குப்பிடித்தது? திருடும் அகூட்டிகள் அந்தப் பேருயிர்களின் வேலையை ஏற்றுக்கொண்டன என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

[காட்சி: கூடை முடையும் கைகள்]

இதே பனையைப் பனாமாவில் சுங்கா என்கிறார்கள். டேரியன் பகுதியின் வூனான், எம்பெரா பழங்குடிப் பெண்கள் இதன் குருத்தோலை நாரைச் சாயமேற்றி நுட்பமான கூடைகள் முடைகிறார்கள். அந்தக் கூடைகளுக்கென்றே தனி வீடியோ வேண்டுமென்றால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்ததாக அதையே எடுத்துக்கொள்கிறேன்.