குளிர்காலத்தில் ஒரு நண்பர் வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

பணி ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு எப்படியோ வெளிநாட்டுப் பயணத்தில் போய் நிற்கிறது. மகன் வீடு, மகள் வீடு என்று போகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய. நான் பேச நினைத்தது வேறு வகைப் பயணம் பற்றி. கூடப் படித்த தோழியோ, ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பரோ, "ஒரு குளிர்காலம் இங்கே வந்து இருந்துவிட்டுப் போயேன்" என்று கூப்பிட, டிசம்பரில் கிளம்பிப் பொங்கல் தாண்டித் திரும்புகிற பயணம். எனக்குப் பழக்கமான ஊர் கனடாவின் டொரண்டோ என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

பயணம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்பது குளிரைப் பற்றித்தான். "மைனஸ் இருபதாமே, எப்படி இருப்பீங்க?" குளிர் என்பது கடையில் தீர்கிற விஷயம் என்பது என் அபிப்பிராயம். நாம் பூட்டிவிட்டுப் போகிற வீடும், போய்த் தங்குகிற வீடும்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை.

விசா வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் இணையவழியில், கைரேகைக்குச் சென்னையில் மையம் இருக்கிறது. ஒருமுறை கொடுத்த கைரேகை 10 ஆண்டுக்குச் செல்லும். நண்பரிடமிருந்து அழைப்புக் கடிதம் வேண்டும். அதில் அவருடைய முகவரி, வேலை, அந்த நாட்டில் அவருக்குள்ள குடியுரிமை நிலை, நாம் எத்தனை நாள் தங்குவோம், செலவு யாருடையது எல்லாம் இருக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லை என்பதால், நம் இருவருக்கும் எப்படிப் பழக்கம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதச் சொல்லுங்கள். கூடவே நாம் ஊர் திரும்புவோம் என்று காட்டப் பென்ஷன் தாள், வீட்டு வரி ரசீது போன்றவை. மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டால் கடைசி வாரத்தில் வயிற்றைக் கலக்காது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாம் கிளம்பும் மாதம் நமக்கு மழை மாதம். 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆளில்லாத வீட்டில் தண்ணீர் புகுந்தால் கேட்க நாதி கிடையாது. அதனால் மொட்டைமாடியின் தண்ணீர்க் குழாய் வாயை நீங்களே ஏறிப் பார்த்து, சருகை அள்ளிவிட்டு வாருங்கள். பத்திரம், பாஸ்புத்தகம், பழைய ஆல்பம் எல்லாம் பீரோவின் அடித்தட்டிலிருந்து மேல்தட்டுக்குப் போகட்டும். இன்வெர்ட்டரை நிறுத்திவிடுங்கள். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. நாம் இல்லாத நேரத்தில் வரப்போவதற்கு முன்பணமாகவே கட்டிவிடலாம். வீடு பூட்டியிருக்கும் என்று காவல் நிலையத்தில் ஓர் எழுத்து எழுதிக் கொடுத்துவிட்டு, சாவியை எதிர்வீட்டில் கொடுங்கள். சாவி கொடுத்தால் போதாது. வாரம் ஒருநாள் கதவைத் திறந்து ஒரு லைட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரிலேயே வாழ்வுச் சான்றிதழை முடித்துவிட வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்கள் நேர்காணல் மாதம் எது என்று கருவூலத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் செல்போன். இங்கே உள்ள வங்கி எது கேட்டாலும் ஓடிபி அனுப்பும். அது வருவது நம் இந்திய எண்ணுக்கு. அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும், ரோமிங் வசதி இங்கேயே இயக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே போய் இறங்கியபின் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் அதற்கும் ஓடிபி கேட்பார்கள்.

பெட்டி கட்டும்போது நம்மவர்கள் செய்கிற கூத்து தனி. இருபத்து மூன்று கிலோ அனுமதி என்றால் இருபத்து மூன்றும் நிரம்பியாக வேண்டும். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்குள்ள இலங்கைத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சரிசி மாவு, இடியாப்ப உரல் வரை எல்லாம் கிடைக்கும். சாம்பார் பொடியும் புளியும் சுமந்துகொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அவர்களுக்கு அங்கே கிடைக்காதது எது என்று கேட்டு அதை மட்டும் கொண்டு போகலாம். என் தோழி கேட்பது எப்போதும் ஒன்றே ஒன்று: "அல்வா மட்டும் கொண்டு வா, வேற ஒண்ணும் வேண்டாம்டி."

அல்வாவோ அதிரசமோ, சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் கனடாவில் இறங்கியதும் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பெரும்பாலும் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். அதிகம் போனால் பொருளை எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்துப் பிடிபட்டால்தான் அபராதம். கொப்பரைத் தேங்காயும் கற்பூரமும் எந்தப் பெட்டியிலும் கூடாது. கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் தடை. பூஜைச் சாமான் பையை அப்படியே பெட்டிக்குள் வைக்கிற வழக்கம் உள்ளவர்கள் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர் பரிசளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நம் கிரைண்டர் அங்கே சுற்றாது. செல்போன் சார்ஜருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு வோல்ட்டுக்கும் ஒத்துப்போகும், பிளக் மாற்றி மட்டும் வேண்டும்.

சரி, குளிருக்கு வருகிறேன். டொரண்டோவில் ஜனவரிப் பகல் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், இரவில் மைனஸ் ஏழு எட்டு, சில நாள் அதற்கும் வெகு கீழே. காற்றுதான் உண்மையான எதிரி. மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 போலத்தான் தெரியும். இங்கே ஊட்டிக்குப் போட்டுப்போன ஸ்வெட்டரை நம்பிப் பயனில்லை. அதே சமயம் இங்கேயே பெரிய விலை கொடுத்துக் கோட்டு வாங்கவும் வேண்டாம். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, இவற்றை மட்டும் இங்கே வாங்குங்கள். பருத்தி பனியன் கூடாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கொண்டு நடுக்கத்தைக் கூட்டும். விமான நிலையத்திலிருந்து வீடு சேர ஒரு கோட்டை நண்பரே கொண்டுவந்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, அங்கே பெரிய தள்ளுபடி விற்பனை. கோட்டும் பனிக்கால பூட்ஸும் அப்போது வாங்கலாம். பழைய துணிக்கடைகளிலும் நல்ல கோட்டு கிடைக்கும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக நுழைகிற கையுறைதான் சூடு. புடவை கட்டுகிறவர்கள் உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டுக்கொண்டு மேலே நீளக் கோட்டு போட்டால் எங்கும் போகலாம். கொசுவம் மட்டும் ஒரு சாண் தூக்கலாக இருக்கட்டும். தரையெல்லாம் உப்பும் சேறும்.

பனி உருகி மறுபடி உறைந்தால் நடைபாதையில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் நிற்கும். ஈரம் என்று நினைத்துக் கால் வைத்தால் இடுப்பு போய்விடும். அந்த ஊர்க்காரர்களே பென்குவின் மாதிரி நடக்கச் சொல்வார்கள்: சின்னச் சின்ன எட்டு, பாதம் முழுவதும் தரையில், கை பைக்குள் இல்லாமல் வெளியே. நண்பருக்கு உதவியாக வாசல் பனியை வாரித் தள்ளுகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், பனியோ மண்வெட்டியில் அள்ளினால் கனக்கும். அறுபது தாண்டிய இதயத்துக்கு அது ஆகாத வேலை.

மருந்தைக் கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பாராசிட்டமாலுக்கே அங்கே அசிட்டமினோஃபென் என்றுதான் பெயர். சொந்த உபயோகத்துக்கு 90 நாள் மருந்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. கனடாவில் மருத்துவம் இலவசம் என்பார்கள், அது அவர்களுக்கு. பார்வையாளருக்கு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தாலே தாங்காது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையும் பிரஷரும் இருப்பதை மறைக்காமல் எழுதி, முன்பே உள்ள நோய்க்கும் சேர்த்துத் தருகிற பாலிசியாக எடுங்கள்.

இனி நண்பர் வீடு. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. கோடையில் விருந்தாளி என்றால் தோட்டத்தில் உட்காரலாம், காலாற நடக்கலாம். டிசம்பர் டொரண்டோவில் மாலை நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். நாமும் அவர்களும் ஒரே கூரைக்குள் சன்னல் சாத்திய வீட்டில். முதல் வாரம் பழங்கதை ஓடும். இரண்டாம் வாரம் அவர்கள் வேலைக்குப் போயாக வேண்டும். அப்போது நம் பொழுதை நாமே பார்த்துக்கொள்ளத் தெரியாவிட்டால் முப்பது வருட நட்பும் திண்டாடும்.

வீட்டின் பழக்கங்களைப் போன அன்றே கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும், திரைச்சீலையின் நுனி தொட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். நம் வழக்கப்படி வாளியில் மொண்டு தரையில் ஊற்றினால் கீழ்மாடிக் கூரையில் கறை இறங்கும். வீடு மரமும் அட்டைப் பலகையும்தான். சமையலறையில் கடுகும் வரமிளகாயும் தாளித்தால் புகைமணி ஊரைக் கூட்டும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முதலில் போட்டுவிட்டுத்தான் எண்ணெய் சட்டியைத் தொட வேண்டும். குப்பையில்கூட இலக்கணம் உண்டு: சமையல் கழிவு பச்சைத் தொட்டிக்கு, மறுசுழற்சிக்கு உரியது நீலத் தொட்டிக்கு, மிச்சம் வேறு தொட்டிக்கு. இதைக் கற்றுக்கொண்டு நீங்களே பிரித்துப் போட்டால் வீட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேண்டாம். வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையா என்று கேளுங்கள். குப்பை போட நைட்டியோடு வெளியே போய்க் கதவு சாத்திக்கொண்டால் மைனஸ் பதினைந்தில் அது வேடிக்கை இல்லை.

வீட்டைச் சூடாக்கும் எந்திரத்தின் அளவைத் தொடாதீர்கள். பெரும்பாலான வீட்டில் 20, 21 டிகிரியில் வைத்திருப்பார்கள், அந்தக் கட்டணம் அவர்கள் பையிலிருந்து போகிறது. நமக்கு நடுங்கினால் இன்னொரு ஸ்வெட்டர். அந்தச் சூடு காற்றை உலர்த்திவிடும். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம்கூட எட்டிப் பார்க்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிதட்டிவிடும் என்பதால் குளிர்காலம் முழுக்க அது அங்கே வெள்ளைக் கட்டிதான். வாய் குறுகிய பாட்டிலில் கொண்டுபோகாமல் அகல வாய் டப்பாவில் கொண்டுபோங்கள், விரலால் வழித்துத் தடவலாம்.

பகல் பொழுதுக்கு ஊரிலேயே வழி இருக்கிறது. பிரெஸ்டோ என்கிற பயண அட்டையை வாங்கிக்கொண்டால் பஸ், சுரங்க ரயில் இரண்டிலும் ஏறலாம். 65 வயதுக்கு மேல் கட்டணச் சலுகை உண்டு. டொரண்டோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் நூறு கிளைகள். சிலவற்றில் தமிழ்ப் புத்தக அடுக்கே இருக்கும். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க யாரும் எதுவும் கேட்பதில்லை. நடைப்பயிற்சிக்கு மால்கள் இருக்கின்றன. காலையில் கூட்டம் சேருமுன் பெரியவர்கள் உள்ளே சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்க்கலாம். நகர மையத்தில் கட்டடங்களைத் தரைக்கடியில் இணைக்கும் பாத் என்கிற நடைவழி 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டே நடக்கலாம். நயாகராவுக்குக் குளிர்காலத்தில் போனால் படகு இருக்காது. ஆனால் சாரல் தெறித்த மரமும் கம்பியும் பனிக்கட்டியாக நிற்கும். எனக்கு அது கோடை நயாகராவைவிடப் பிடிக்கும். பொங்கலுக்கும் குறைவில்லை, ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாகக் கனடா நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டது, ஒன்றாரியோ மாகாணம் அதற்கும் முன்பே. அந்த மாதம் முழுக்க ஏதாவதொரு மண்டபத்தில் பரதமோ பட்டிமன்றமோ இருந்துகொண்டேயிருக்கும்.

செலவு விஷயத்தை விமானம் ஏறுமுன்பே பேசிவிடுங்கள். "இதெல்லாம் என்ன பேச்சு" என்று அவர்கள் தட்டிக்கழிப்பார்கள். விடாமல், வாரக் காய்கறிச் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை கடைக்குப் போகும்போது உங்கள் அட்டையை முதலில் நீட்டுங்கள். திரும்பும் தேதியையும் டிக்கெட்டையும் போகும்போதே காட்டிவிடுங்கள். நடுவில் ஒரு நாலைந்து நாள் வேறொரு நண்பர் வீட்டுக்கோ மான்ட்ரியாலுக்கோ போய்வந்தால் அவர்களுக்கும் வீட்டில் மூச்சு விட்டுக்கொள்ள நேரம் கிடைக்கும்.

கிளம்பும்போது அந்தக் கோட்டையும் பூட்ஸையும் பெட்டியில் திணித்துக்கொண்டு வராதீர்கள். நாலு கிலோ போய்விடும், பாளையங்கோட்டையில் அவற்றுக்கு என்ன வேலை? நண்பர் வீட்டு நிலவறையில் ஒரு ஆணி கேட்டு மாட்டிவிட்டு வாருங்கள். அடுத்து ஊரிலிருந்து போகிற யாருக்காவது அளவு சரியாக இருக்கும்.

நன்றி, வணக்கம்.