கேமிங் சேரின் முதுகில் ஏன் இரண்டு துளைகள்?

வணக்கம். திரையில் தெரியும் இந்தக் கேமிங் சேரைப் பாருங்கள். முதுகுப்பகுதியின் மேற்புறத்தில், கழுத்துக்குப் பின்னால், இரண்டு துளைகள் இருக்கின்றன. காற்றோட்டத்துக்காக விட்டிருக்கிறார்கள் என்று சிலரும், கழுத்துத் தலையணையின் பட்டையை மாட்டுவதற்காக என்று சிலரும் நினைக்கிறார்கள். பட்டை இப்போது அவற்றின் வழியாகத்தான் போகிறது என்றாலும், அவை தோன்றிய காரணம் வேறு. பந்தயக் கார் ஓட்டுநரின் தோள்களை இருக்கையோடு பிணைக்கும் பெல்ட்டுகள் நுழைவதற்காக உருவான துளைகள் அவை. மணிக்கணக்கில் மேசை முன்னால் அமர்ந்து வேலை செய்பவருக்கு அந்த நாற்காலி பொருந்துமா என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் இருக்கைகளைத் தயாரித்துவந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006-இல் அதே வடிவத்துக்குச் சக்கரம் பொருத்தி வீடியோ கேம் விளையாடுவதற்கான நாற்காலியாக விற்கத் தொடங்கியது. விளையாட்டு நேரலைகளின் வழியே அந்த வடிவம் உலகெங்கும் பரவியது.

இப்போது அதன் இருபுறமும் எழும்பி நிற்கும் மேடுகளைக் கவனியுங்கள். வேகமாக வளைவில் திரும்பும் காரில் ஓட்டுநரின் உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். அப்போது விலாவையும் தொடையையும் அணைத்துப் பிடித்து, அவர் கை ஸ்டியரிங்கை விட்டு விலகாமல் காப்பதற்காக வைக்கப்பட்டவை அந்த மேடுகள். அங்கே அவை உயிர் காக்கும் அமைப்பு. நம் அறையிலோ வளைவும் இல்லை, வேகமும் இல்லை. அகன்ற தோள் உடையவரை அவை முன்னோக்கிக் குறுக வைக்கின்றன; தொடையை விரித்து அமர விடுவதில்லை; பல மலிவான மாடல்களில் பஞ்சு அமுங்கியதும் உள்ளேயிருக்கும் இரும்புச் சட்டம் தொடையில் உறுத்துகிறது. நம்மில் பலருக்கு நாற்காலியிலும் சம்மணமிட்டு அமரும் பழக்கம் உண்டு. அவர்களுக்கு இந்த இருக்கை முழங்காலை வைக்கவே இடம் தராது. ஓடும் காரில் உடலை அசையவிடாமல் பிடிப்பதற்காக அமைந்த வடிவத்தை, அடிக்கடி அசைந்தால்தான் நலமாக இருக்கும் உடலுக்குக் கொடுக்கிறோம் என்பதே என் முதன்மையான குறை.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் ஆகிய இருவரும் வடிவமைத்து 1994-இல் வெளிவந்த ஏரான் என்ற அலுவலக நாற்காலியின் வேர், நெடுநேரம் அமர்ந்தே இருக்கும் முதியோருக்காக அவர்கள் மேற்கொண்ட ஆய்வில் இருக்கிறது. தடித்த பஞ்சில் பல மணி நேரம் சாய்ந்திருக்கும் முதியவரின் உடலில் வெப்பம் தேங்குகிறது, அழுத்தப் புண் வருகிறது. ஆகவே பஞ்சையே நீக்கிவிட்டு, எடையைப் பரப்பித் தாங்கும் வலையை இழுத்துக் கட்டினால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். இன்று கடைக்குக் கடை கிடைக்கும் மெஷ் (வலை) நாற்காலிகளுக்கு வழிகாட்டியது அந்த யோசனைதான். ஏரான், சட்டையைப் போல மூன்று அளவுகளில் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒரே நாற்காலி எல்லா உடலுக்கும் பொருந்தாது என்பதை ஒரு நிறுவனம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட இடம் அது.

சாயும் முறையிலும் வேறுபாடு இருக்கிறது. கேமிங் சேரில் பக்கவாட்டு நெம்புகோலை இழுத்தால், காரில் சாய்வதைப் போல முதுகு மட்டும் பின்னால் போகும்; உடல் மெல்ல முன்னோக்கி வழுக்கும், இடுப்புத் தலையணை நகர்ந்துவிடும். நல்ல அலுவலக நாற்காலியில் உள்ள சின்க்ரோ டில்ட் என்ற அமைப்பில், பொதுவாக முதுகு 2 பாகை சாய்ந்தால் இருக்கை 1 பாகை சாய்கிறது. அதனால் பாதம் தரையை விட்டு எழாமலேயே நாள் முழுவதும் முன்னும் பின்னும் அசைய முடிகிறது.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை: செயற்கைத் தோல் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் சிதையக்கூடியது, என் முதல் கேமிங் சேரின் தோல் சென்னையின் இரண்டாவது மழைக்காலத்திலேயே செதில் செதிலாக உரிந்துவிட்டது.

கேமிங் சேருக்கும் உரிய இடம் இருக்கிறது. கன்ட்ரோலரைக் கையில் பிடித்து, நன்றாகச் சாய்ந்து, பெரிய திரையைப் பார்த்து விளையாடுபவருக்கு அதன் தலைத்தாங்கியும் ஏறக்குறைய படுக்கும் அளவுக்கான சாய்வும் உண்மையிலேயே சுகமானவை. ஆனால் 2020-இல் கேமிங் கருவிகளைத் தயாரிக்கும் லாஜிடெக் ஜி, ஹெர்மன் மில்லர் ஆகிய இரண்டும் சேர்ந்து விளையாட்டாளர்களுக்கென்றே கொண்டுவந்த எம்பாடி நாற்காலியில் பெல்ட் துளையும் இல்லை, பக்க மேடும் இல்லை. அது 2008-இல் வந்த அலுவலக நாற்காலியின் மறுவடிவம்.

அதேவேளை, எர்கோனாமிக், அதாவது உடலுக்கு ஏற்ற வடிவமைப்பு, என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கைதாங்கியை உயர்த்த முடியாத, இருக்கை ஆழத்தை மாற்ற முடியாத நாற்காலியிலும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். கடையில் குறைந்தது 20 நிமிடம் அமருங்கள். பாதம் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். தோளைத் தூக்காமலேயே முழங்கை கைதாங்கியில் அமர வேண்டும். புதியது கைக்கு எட்டாவிட்டால், அலுவலகங்கள் காலி செய்யும்போது விற்கப்படும் பழைய தரமான நாற்காலிகளைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் உயரம், மேசையின் உயரம், ஒரு நாளில் அமரும் நேரம் ஆகிய மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எந்த அளவு இருக்கை பொருந்தும் என்பதை ஒவ்வொருவருக்கும் பதிலாக எழுதுகிறேன்.