கல்லாவில் விழுந்த ஓட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அறுபது, எழுபதுகளின் மேல்நாட்டுப் பாட்டுக்கு உண்மையான சாட்சி எது, வாராவாரம் அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் தரவரிசைப் பட்டியலா, ராக் இசைப் பத்திரிகைகளா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பட்டியலை வெறும் 'கடைக்காரர் கணக்கு' என்றார் எதிரணி நண்பர். ஆமாம் ஐயா, கடைக்காரர் கணக்குதான்! 1952 நவம்பரில் பிரிட்டனின் முதல் பட்டியல் வந்ததே அப்படித்தான். 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ் ஏறக்குறைய 20 கடைகளுக்கு போன் போட்டு, இந்த வாரம் எந்த இசைத்தட்டு அதிகம் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார். கைக்காசு கொடுத்து வாங்கியவன் சொன்ன கருத்து அது. அதைவிட நேர்மையான கருத்து எனக்குத் தெரியவில்லை.

1967-க்கு வருவோம். பத்திரிகைகளைப் புரட்டினால் அந்த வருடம் முழுக்க நீண்ட முடியும் வண்ணச் சட்டையும் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பமும்தான். பட்டியலைப் பாருங்கள். அதே பீட்டில்ஸின் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டும் ஒரே இசைத்தட்டில் வந்தும், 'ரெக்கார்ட் ரீடெய்லர்' என்ற வணிகப் பத்திரிகையின் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டன. வழிமறித்தது 'ரிலீஸ் மீ' என்ற காதல் முறிவுப் பாட்டு. பாடியவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936-ல் நம் மதராஸில் பிறந்தவர். ஆறு வாரம் முதலிடம், தொடர்ந்து 56 வாரம் பட்டியலில் இடம்!

அதை வாங்கிய லட்சக்கணக்கானோர் யார்? அவர்களைத் தேடிப்போய் எந்த ராக் நிருபர் பேட்டி எடுத்தார்? புரட்சி செய்யாதவர்கள், முடி வளர்க்காதவர்கள், மனம் கனத்த மாலையில் ஒரு பாட்டு வேண்டும் என்று ஷில்லிங்கை எண்ணிக் கொடுத்தவர்கள். அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த 56 வாரமே அத்தாட்சி.

பட்டியலுக்குப் பட்டியல் முரண்படுகிறதே என்றார்கள். 1963-ல் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஒரு பட்டியலில் முதலிடம், இன்னொன்றில் இரண்டாமிடம். உண்மை. ஆனால் வேறு வேறு கடைகளைக் கேட்டால் ஓரிடம் முன்பின் ஆகத்தான் செய்யும். பாட்டே இல்லை என்று எந்தப் பட்டியலும் சொல்லவில்லையே!

1977-ஐ எதிரணியே இழுத்தது. ராணியின் வெள்ளிவிழா சமயம், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் 'காட் சேவ் த குயீன்' பாட்டை பிபிசி தடை செய்தது. அதே பிபிசி ஒலிபரப்பிய பட்டியலில் அந்தப் பாட்டு இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடத்தைத் திட்டமிட்டுத் தட்டிப் பறித்தார்கள் என்ற சந்தேகம் இன்றும் உண்டு. இருக்கட்டும். வானொலியில் ஒலிக்க விடாத பாட்டைப் பட்டியலிலிருந்து விரட்ட முடிந்ததா?

கடைசியாக ஒன்று. கடைச் சிப்பந்திகள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டு. அமெரிக்காவில் அது நடந்தது, மறுக்கவில்லை. 1991-ல் அங்கே பட்டியல் வெளியிடும் பில்போர்ட் பத்திரிகை பார்கோடு வைத்து ஆல்பம் விற்பனையை எண்ணத் தொடங்கியது. உடனே ராப்பும் கன்ட்ரி இசையும் பட்டியலில் மேலே ஏறின. நடுவர் அவர்களே, அந்த இசையைக் கேட்டவர்கள் அன்றுதான் பிறந்தார்களா? அதற்கு முன்பும் அதே கடையில், அதே வரிசையில் நின்றவர்கள்தான். ஒழுங்காக எண்ணியதும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம் நிற்கிறேன். நன்றி, வணக்கம்.