டைம் டேபிளைப் பார்த்தாலே துறைத்தலைவர் யாரென்று தெரியும்

[திரையில்: ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டிய டைம் டேபிள்]

வணக்கம். கல்லூரி திறந்த முதல் வாரம் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் தேடுவது ஒரே ஒரு தாளைத்தான். யாருக்கு எந்தப் பேப்பர், யாருக்கு மதியம் சாப்பிட்டவுடன் தொடர்ந்து இரண்டு வகுப்பு, யாருக்கு லேப் எல்லாம் ஒரே நாளில் குவிந்திருக்கிறது என்று பார்த்தாலே அந்தத் துறைத்தலைவர் எப்படிப்பட்டவர் என்பது பாதி தெரிந்துவிடும். மேலே இருப்பவர் நடத்தும் விதத்துக்கும் பேராசிரியர்களின் மனநிறைவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நான் அந்தத் தாளிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். மணிக்கணக்கை விதி சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தப் பதினாறு மணி நேரம் எந்தெந்த நேரம் என்பதும், வகுப்பு போக மீதி நேரத்தில் கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) ஃபைலோடு மல்லுக்கட்டுவது யார், தேர்வுப் பணி யாருக்கு, தனியார் கல்லூரி என்றால் அட்மிஷனுக்காகப் பள்ளி பள்ளியாக அலைவது யார் என்பதும் பெரும்பாலும் துறைத்தலைவர் கையில்தான்.

[திரையில்: 1939, அயோவா]

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 1939-ல் அமெரிக்காவில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகிய மூன்று உளவியல் ஆய்வாளர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி, அதட்டி வேலை வாங்கும் தலைவர், கலந்து பேசும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதட்டியவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை சரிந்தது, கலந்து பேசியவரின் குழுவோ அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. 20 பையன்களில் 19 பேர், அதட்டியவரைவிடக் கலந்து பேசியவரையே பிடிக்கும் என்றார்கள்.

பையன்களை வைத்துச் செய்த ஆய்வு பேராசிரியர்களுக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்த 'வெளியே போனதும்' என்ற இடம்தான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வகுப்பறைக் கதவைச் சாத்திய பிறகு அங்கே துறைத்தலைவர் கிடையாது, பாடத்தை ஒப்புக்கு நடத்துவதா உயிரைக் கொடுத்து நடத்துவதா என்பது முழுக்க அந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்தது.

அப்புறம், தலைமை பற்றி ஆராய்ந்த பெர்னார்ட் பாஸ். 1985-ல் இவர் தலைமையை இரண்டு வகையாகப் பிரித்து விளக்கினார். ஒன்று கொடுக்கல் வாங்கல் தலைமை, அதாவது வேலையைச் செய்தால் பலன், தவறினால் நடவடிக்கை. இன்னொன்று, ஆட்களை ஊக்கப்படுத்தி மாற்றும் தலைமை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பது இந்த இரண்டாவது வகையில் வரும். முதல் வகையை மட்டமாக நினைக்க வேண்டாம். தற்செயல் விடுப்பான சிஎல்லை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வெளியில் பணியாகப் போவதற்கான 'ஓடி' (OD) அனுமதி யாருக்குக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தாலே ஒரு துறையில் பாதிப் புகைச்சல் அடங்கிவிடும்.

நான் ஒரே கல்லூரியில், ஒரே சம்பளத்தில், இரண்டு துறைத்தலைவர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். முதலாமவர் கூட்டம் போடுவார், எல்லோரிடமும் கருத்துக் கேட்பார், கடைசியில் முன்பே டைப் செய்து வைத்திருந்த சர்க்குலரை எடுத்து வாசிப்பார். கேட்காமலே உத்தரவு போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அடுத்து வந்தவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் நான் பிஎச்டி செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் வியாழக்கிழமை மதியத்தைக் காலியாக விட்டு டைம் டேபிள் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. அந்த வருடம் வேறு வேலை தேடும் எண்ணமே எனக்கு வரவில்லை.

தலையிடாமல் விட்டுவிடும் தலைவரைப் பலர் நல்லவர் என்பார்கள். ஒரு பதவி உயர்வு ஃபைல் மாதக்கணக்கில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்போதுதான் அதன் வேதனை புரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த இடம் நீண்ட காலம் காலியாகவே இருந்தது, நிர்வாகத்தைத் தற்காலிகப் பொறுப்பேற்ற கன்வீனர் கமிட்டி பார்த்துக்கொண்டது. உச்சியில் முழுநேரம் முடிவெடுக்க ஒருவர் இல்லையென்றால் கீழே எல்லோரும் 'புது விசி (துணைவேந்தர்) வரட்டும்' என்றே நாட்களைத் தள்ளுவார்கள்.

[திரையில்: 1,500 ரூபாய், 50,000 ரூபாய்]

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைமை எவ்வளவு நல்லதானாலும் சம்பளத்துக்கு ஈடாகாது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யுஜிசி 2019-ல் சொன்னது. அந்தத் தொகையைக் கேட்டுத் தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளர்கள் இன்னும் போராடுகிறார்கள். இதைத் துறைத்தலைவரால் மாற்ற முடியாது. அவரால் முடிந்தது, துறைக் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுவது, பாடம் ஒதுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பது, டைம் டேபிளில் 'ஜிஎல் 1, ஜிஎல் 2' (கெஸ்ட் லெக்சரர் 1, 2) என்று போடாமல் அவர்களுடைய பெயரை எழுதுவது.