பியூஸ் கட்டையில் கனமான கம்பி வேண்டாம்

வணக்கம் நேயர்களே. தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா என்று எங்கே வயரிங் வேலைக்குப் போனாலும் என் காதில் விழுவது ஒன்றுதான்: “அண்ணே, மறுபடி பியூஸ் போயிடுச்சு, கொஞ்சம் கனமான கம்பியாப் போட்டு விடுங்க.” அந்தக் கனமான கம்பியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள். இரண்டு திருகாணிக்கு நடுவே வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. கரண்ட் ஓடினால் எந்தக் கம்பியும் சூடாகும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சுவரில் ஓடும் வயர் தாங்காத சூடு வருவதற்குள் இந்தக் கம்பி உருகி அறுந்துவிட வேண்டும். அதற்காகத்தான் அதை அவ்வளவு மெல்லிசாக வைத்திருக்கிறார்கள்.

தாராவியில் ஒரு தையல் கூடம். மழைக்காலத்தில் துணி காயாது, இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வே கிடையாது. 1,000 வாட் பெட்டி ஒன்று, 230 வோல்ட்டில், 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அங்கே ஒரே லைனில் மூன்று பெட்டி. ஆக 13 ஆம்பியர். கட்டையில் இருந்ததோ 5 ஆம்பியர் கம்பி. போகாமல் என்ன செய்யும்? யாரோ பழைய வயரிலிருந்து செம்பு இழைகளை உருவி, முறுக்கிக் கட்டிவிட்டார்கள். அப்புறம் பியூஸ் போகவே இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம். நான் போய்ப் பலகையைக் கழற்றினால், வயரின் மேலுறை இளகி வழிந்து, கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியும் திரும்பும் நியூட்ரல் கம்பியும் ஒட்டப் போகிற நிலை. சுற்றிலும் துணி மூட்டை. மேலே பரணில் பையன்கள் தூங்குவார்கள். இறங்க ஒற்றை ஏணி. நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. இஸ்திரிக்குத் தனி லைன் இழுத்த பிறகுதான் நிம்மதி.

திரும்பவும் சொல்கிறேன்: சுவரில் எந்த வயர் ஓடுகிறதோ, அதற்கேற்ற கம்பிதான் கட்டையில் இருக்க வேண்டும்.

பியூஸ் போனால் மெயினை அணைத்துவிட்டுக் கட்டையைப் பாருங்கள். பீங்கான் கருகி, செம்புப் பொட்டுகள் தெறித்திருந்தால் எங்கோ ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் பெரும்பாலும் லோடு அதிகம். காரணம் தெரியாமல் புதுக் கம்பி கட்டாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பியூஸுக்குப் பதிலாகப் போடுகிற, லோடு மிஞ்சினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் பற்றிச் சொல்ல நினைத்தது நிற்கட்டும். இதை மட்டும் கேளுங்கள்: பியூஸ் உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. அது ஆம்பியர் கணக்கில் வேலை செய்வது. ஆளைக் கொல்ல, ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியர் சில பத்து இருந்தாலே போதும். கீசர், வாஷிங் மெஷின் உள்ள வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள்; கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.