டேங்க்குக்கு அடியில கை வெச்சுப் பாருங்க

வணக்கமுங்க நேயர்களே. வீட்டு ஷெட்டுல வெக்கறதுக்கு, காத்தடிக்கற செகண்ட் ஹேண்ட் கம்ப்ரஸர் எப்படிப் பாத்து வாங்கறதுன்னு ரேடியோவுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. நமக்கு கொழிஞ்சாம்பாறைங்க, பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா, வேலந்தாவளம் செக்போஸ்ட்டத் தாண்டினா கோயமுத்தூர் ஜில்லா. முப்பது வருஷமா வண்டிப் பட்டறை வெச்சிருக்கேன், வாரத்துக்கு ஒருத்தராச்சும் வந்து "அண்ணா, ஒரு பழைய கம்ப்ரஸர் வெலைக்கு வருது, கூட வந்து பாருங்க"ன்னு கூப்பிடுவாங்க, நானும் போவேன்.

போனதும் எல்லாரும் எங்க பாக்கறாங்க தெரியுங்களா? மோட்டாரத்தான். என்ன கம்பெனி, எத்தன ஹெச்பி, காப்பர் வைண்டிங்கா, இதத்தான் கேப்பாங்க. நான் குனிஞ்சு டேங்க்குக்கு அடியில கை வெப்பேன். மோட்டார் போனா ரீவைண்டிங் பண்ணிக்கலாம், பிஸ்டன் ரிங்கு தேஞ்சா வேற மாத்திக்கலாம், பெல்ட்டு அறுந்தா தெருமுனைக் கடையிலயே கெடைக்கும். டேங்க்கு போச்சுன்னா போச்சுதானுங்க. உயிருக்கு ஆபத்தும் அங்கதான் இருக்கு.

இது பட்டுத் தெரிஞ்சுகிட்டதுங்க. பட்டறை போட்ட புதுசுல, செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துல ஒரு பஞ்சர் கடைய மூடறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். பளபளன்னு பச்சப் பெயிண்டு அடிச்சு நிறுத்தியிருந்தாங்க. சுவிட்ச்சப் போட்டாங்க, நல்லாத்தான் ஓடுச்சு. கடைக்காரர் "ஒரு கொழப்பமும் இல்லா"ன்னாரு. மலையாளத்துல கொழப்பம்னா கோளாறுங்க, ஒரு கோளாறும் இல்லன்னு சொல்றாரு. சரின்னு பணத்தக் குடுத்துட்டு டெம்போவுல ஏத்திட்டு வந்துட்டேன். டேங்க்குக்கு அடியில தண்ணிய வெளிய விடற ட்ரெய்ன் வால்வத் தெறந்து பாக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவரு தெறக்கவும் இல்ல, வருஷக்கணக்கா அது தெறந்ததே இல்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

அப்புறம் ஜூன்ல மழ புடிச்சுது. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்காரம்மா எழுப்பறாங்க, "ஏனுங்க, ஷெட்டுல மோட்டார் ஓடுதுங்க, யாரோ இருக்காங்க"ன்னு. டார்ச்ச எடுத்துட்டுப் போறேன், யாருமே இல்ல, கம்ப்ரஸர் தானா ஓடி நின்னுச்சு. மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்ணாம விட்டுட்டேன், காத்து எங்கயோ கசிஞ்சு பிரஷர் எறங்க எறங்க பிரஷர் சுவிட்ச்சு மோட்டாரத் தூக்கிவிட்டுட்டே இருந்திருக்குது. மோட்டார் நின்னதும் அந்த அமைதியில சன்னமா ஒரு விசில் சத்தம். டேங்க்குக்கு அடியில டார்ச்சு அடிச்சா, சிமெண்ட் தரையில ஒரு ரூபாக் காசு அளவுக்குத் தூசியே இல்லாம வட்டமா சுத்தமா இருக்குது, அதச் சுத்தியும் துருத்தண்ணி பொட்டுப் பொட்டாத் தெறிச்சிருக்குது. அதுக்கு மேல தகட்டுச் சரிவுல ஊசி நொழையற அளவுக்கு ஒரு ஓட்ட.

காலையில ட்ரெய்ன் வால்வ ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டித் தெறந்தேன். பால் ஊத்தாத கட்டங்காப்பி நெறத்துல தண்ணி வருது, வருது, வந்துட்டே இருக்குது, ஒரு பக்கெட்டுக்கு மேல. எங்கூருப் பக்கம் தண்ணிக்கு வெள்ளம்னுதான் சொல்லுவாங்க, அன்னைக்கு ஷெட்டுல வந்தது ரெண்டு பாஷையிலயும் வெள்ளம்தான். வெல்டர் ஒருத்தரு வந்து பாத்துட்டு ஒரு தகட்டுத் துண்டு வெச்சு ஒட்டித் தர்றேன்னாரு. எங்க மாமா, அவரு மில்லுல ஃபிட்டரா இருந்தவரு, வேண்டவே வேண்டாம்னுட்டாரு. "மாப்ளே, ஓட்டைய நீ பாக்கற, ஓட்டையச் சுத்தியிருக்கற தகட்ட யாரு பாத்தா?"ன்னாரு. காத்த முழுசா வெளிய விட்டுட்டு, அந்த டேங்க்க ரெண்டா அறுத்துப் பாத்தோம். மேல்பாகம் நல்ல கனமா அப்படியே இருந்துது, அடிப்பாகம் கல்யாணப் பத்திரிக்க அட்ட மாதிரி ஆயிருந்துது, துரு அப்பளம் அப்பளமா கையோட வந்துது. அதுலதான் மூணு மாசமா நூறு பிஎஸ்ஐ, அதாவது காத்தழுத்தத்த அளக்கற கணக்கு, அதுக்கு மேல காத்த அடச்சு வெச்சு, அதுக்குப் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கேன்.

அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு நெறயப் பேரு கேப்பாங்க. நாம ஊத்தறதில்லைங்க, காத்துலயே இருக்குது. முப்பது டிகிரி சூட்டுல ஈரம் நெறஞ்ச ஒரு கனமீட்டர் காத்துல சுமார் 30 கிராம் தண்ணி ஆவியா இருக்கும். எட்டுப் பங்கு காத்தக் கொண்டுபோய் ஒரு பங்கு எடத்துல திணிச்சா அந்தத் தண்ணிக்கு எடம் பத்தாது, டேங்க்கு ஆற ஆற அடியில எறங்கிரும். நம்ம பாலக்காட்டுக் கணவாயில மழக்காலத்துல ஈரக்காத்து எப்படி வீசும்னு உங்களுக்கே தெரியும், துணி ரெண்டு நாளானாலும் காயாது. அந்தக் காத்தத்தான் மெஷினு குடிக்குது. அதனால வேல முடிஞ்சதும் தெனமும் ட்ரெய்ன் வால்வத் தெறந்து விடோணும். வாங்கப் போற எடத்துலயும் அதத்தான் மொதல்ல செய்யச் சொல்லோணும். வால்வு லேசாத் தெறந்து கொஞ்சமாத் தண்ணி வந்தா அந்த வீட்டுல மெஷினப் பாத்துக்கறாங்கன்னு அர்த்தம். துரு புடிச்சு அசையவே மாட்டேங்குதுன்னா பேச்ச முடிச்சுட்டு வந்துருங்க.

டேங்க்குல காத்து இல்லாதப்ப அடிப்பாகத்துல சின்ன சுத்தியில லேசாத் தட்டிப் பாருங்க, மேல தட்டினா வர்ற சத்தமும் கீழ தட்டினா வர்றதும் ஒண்ணு போல இருக்கோணும். வெல்டு வெச்ச தழும்பு தெரிஞ்சா வேண்டாம். அடியில மட்டும் புதுப் பெயிண்டு இருந்தாலும் வேண்டாம். தகட்டுல பேர் பிளேட்டு இருக்கோணும், எந்த வருஷம் செஞ்சது, எவ்வளவு பிரஷர் வரைக்கும் போலாம்னு அதுலதான் போட்டிருக்கும். சந்தேகமா இருந்தா ஹைட்ரோ டெஸ்ட்டு பண்ணிருங்க, டேங்க்கு முழுக்கத் தண்ணிய நெரப்பி, ஓடற பிரஷர விட ஒண்ணர மடங்கு வரைக்கும் ஏத்திப் பாக்கறது. தண்ணி காத்து மாதிரி அமுங்கி இருக்காது, அதனால தகடு விட்டாலும் ஒழுகுமே தவிர வெடிச்சுப் பறக்காது.

டேங்க்கு தேறிச்சுன்னா இனி மோட்டார் பக்கம் வரலாம். கோயமுத்தூர்ல பட்டறைங்க மாத்தறப்ப விக்கற மெஷின்ல நெறய த்ரீ பேஸ் மோட்டாருங்க. வீட்டுல சிங்கிள் பேஸ் லைன் இருந்தா அது ஓடாது, மோட்டார மாத்தற செலவையும் வெலையோட சேத்துக் கணக்குப் போடுங்க. மோட்டார் மாத்தினா சக்கரம் சுத்தற பக்கத்தையும் பாக்கோணும், அந்தப் பெரிய சக்கரத்தோட கையிதான் ஹெட்டுக்கு, அதாவது பிஸ்டனுக்கு மேல இருக்கற தலப்பாகத்துக்கு ஃபேன், தல சூடாகாம அதுதான் காத்து வீசுது. பார்ட்ஸுக்கு நமக்குக் கவல இல்லைங்க. 1960ல கோயமுத்தூர்ல ஆரம்பிச்ச எல்ஜி, டிவி விக்கறவங்க இல்லைங்க, நம்மூரு எல்ஜி, அவங்க மெஷினு இந்தப் பக்கமெல்லாம் ஓடுது, வேல தெரிஞ்ச மெக்கானிக்கும் இருக்காங்க.

காத்து எவ்வளவு தருதுன்னு ஒரு சின்னக் கணக்கு. வாட்ச்சு இருந்தாப் போதும். டேங்க்க முழுசாக் காலி பண்ணிட்டு ஓட விடுங்க. நூறு லிட்டர் டேங்க்கு ஏழு பார், அதாவது நூறு பிஎஸ்ஐ வர எத்தன நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க. நூற ஏழால பெருக்கினா எழுநூறு லிட்டர் காத்து. அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 140 லிட்டர், சிஎஃப்எம்ல, அதாவது நிமிஷத்துக்கு எத்தன கன அடின்னு சொன்னா, சுமார் அஞ்சு. டயருக்குக் காத்தடிக்க, தூசி ஊத, நட்டு கழட்ட அது போதும். கார் முழுக்கப் பெயிண்டு அடிக்கோணும்னா பத்தாது, பெயிண்டு அடிக்கற ஸ்ப்ரே துப்பாக்கி கேக்கற காத்து அதவிட ஜாஸ்தி. பத்து நிமிஷம் ஆனாலும் ஏறலைன்னா ரிங்கோ வால்வு பிளேட்டோ போயிருக்கும். ஏர் ஃபில்டர் வாயில கைய வெச்சுப் பாருங்க, உள்ள இழுக்க மட்டும்தான் செய்யோணும், திருப்பி ஊதினா வால்வு ஒடஞ்சிருக்குது. காத்து வர்ற எடத்துல ஒரு வெள்ளத் துணியப் புடிங்க, எண்ணப் பொட்டு விழுந்தா ரிங்கு தேஞ்சிருக்குது. ஆயில் கண்ணாடியில மோர் நெறம் தெரிஞ்சா உள்ள தண்ணி கலந்திருக்குது.

ஃபுல்லா ஏத்தி ஆஃப் பண்ணிட்டு அரமணி நேரம் காத்திருங்க, பேசிட்டே டீ குடிங்க, மீட்டர் முள்ளு எறங்கக் கூடாது. எறங்கினா சோப்புத் தண்ணி... சரிங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரல் காட்டுறாரு, ஒரு நிமிஷந்தான் இருக்குது போல. டேங்க்குலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன், இருந்தாலும் அதுதான் முக்கியம், அடியில கை வெச்சுப் பாருங்க.

வேகமா சொல்லிடறேன். பிரஷர் அளவு மீறினா காத்த வெளிய விடற சேஃப்டி வால்வோட வளையத்த இழுத்தா காத்து சீறோணும், அதுல கட்டையோ போல்ட்டோ அடிச்சு அடச்சிருந்தா அந்த மெஷினுக்குப் பக்கத்துல நிக்காதீங்க. காத்து லைனுக்கு பிவிசி பைப்பு போடாதீங்க, ஒடஞ்சா கண்ணாடி மாதிரி சில்லு பறக்கும். கம்ப்ரஸர் ஆயில்னு கேட்டு ஊத்துங்க, வண்டி ஆயில் வேண்டாம். கடைசியா ஒண்ணு, இதக் கண்டிப்பா சொல்லியாகோணும், வெளையாட்டுக்குக் கூட காத்து ஓஸ யாரு ஒடம்பு மேலயும் புடிக்காதீங்க, துணி மேல கூட. உள்ள போற காத்து குடலக் கிழிச்சிரும், அப்படி உயிர் போன செய்தி பேப்பர்ல வந்திருக்குது. ஷெட்டுல கொழந்தைங்க இருந்தா ஓஸச் சுத்தி எடுத்து ஒசரத்துல மாட்டிருங்க. நேரம் ஆயிருச்சுங்க, வணக்கம்.